அரைக் காலேஜ்

நாளைய தேதியை இன்றைக்கே எழுதி வைத்துவிட்டுப் போகிற பெண்ணை நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். மணி அடித்து எல்லாரும் பையைத் தூக்குகிற நேரத்தில், அவள் கொப்பியில் புதுப் பக்கத்தைத் திருப்பி, மூலையில் மறுநாள் தேதியைப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

"நாளைக்கு வந்து எழுதலாமேக்கா" என்று ஒருமுறை கேட்டேன்.

"நாளைக்கு வந்தா எழுத வேற இருக்கும்" என்றாள்.

அவளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. என்னைவிட மூன்று வகுப்பு மேலே படித்தவள், அதனால் அக்கா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பதுளையில் எங்கள் பாடசாலையிலிருந்து பார்த்தால் நமுனுகுல மலை தெரியும். மலை உச்சியில் மேகம் கறுத்தாலே அக்கா குடையை விரித்துவிடுவாள். மழை ஊருக்குள் இறங்க அரை மணி நேரம் ஆகும். சில நாள் இறங்காமலே போய்விடும். வெயிலில் கறுப்புக் குடையோடு தனியாக நடந்து வருகிற அவளைப் பார்த்து விடுதிப் பெண்கள், "மழையை அழைச்சிட்டு வரப் போறாங்க, தாம்பாளம் கொண்டு வாங்கடி" என்று சிரிப்பார்கள். அவளுக்கு அது காதில் விழும். நடையை மாற்ற மாட்டாள்.

அழுகையைக்கூட அவள் முன்கூட்டியே முடித்துக்கொள்வாள். அவளுடைய அப்பா அப்புத்தளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் நாளில் மற்றப் பெண்கள் ரயில் மேடையில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவார்களாம். அக்கா கண் காய்ந்தபடி பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாளாம். "உங்களுக்கு அழுகையே வராதாக்கா?" என்று கேட்டதற்கு, "போன வாரமே அழுதாச்சு. ரயில் வந்து நிக்கிறப்ப அழுதா அம்மாவுக்குத்தானே கஷ்டம்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் செய்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவளோடு எனக்குப் பழக்கம் வந்தது நட்பினால் இல்லை. எங்கள் தலைமை ஆசிரியை என்னை அவளுக்குத் துணைக்கு உட்கார வைத்தார். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் லண்டன் பரீட்சை என்று ஒன்று இருந்தது. வினாத்தாள் அங்கிருந்து கப்பலில் வரும். கொழும்பில் உட்கார்ந்து எழுத வேண்டும். விடைத்தாள் கப்பலில் திரும்பிப் போகும். அதில் முதல் படி இன்டர். இரண்டாம் படி பட்டம். இன்டரைக் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்துதான் எழுத வேண்டும் என்றில்லை. பாடசாலையில் இருந்துகொண்டே எழுதலாம். தேறினால் காலேஜ் படிப்பில் பாதி முடிந்துவிட்டதாகக் கணக்கு. பெரிய ஊர்களில் பையன்கள் அப்படி எழுதுவது உண்டு. எங்கள் பாடசாலையில் அதுவரை ஒருவரும் எழுதியதில்லை. மேல் வகுப்பு என்று ஒன்று இருந்தது. அதில் அக்கா ஒருத்திதான் இருந்தாள். கூடப் படித்தவர்களில் சிலருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, சிலர் தாதி வேலைக்குப் படிக்கப் போயிருந்தார்கள்.

சொல்லிக்கொடுக்க எங்கள் ஆசிரியைகளால் முடியவில்லை. ஆண்கள் பாடசாலையில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் பின்னேரங்களில் வர ஒத்துக்கொண்டார். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவர், கெட்டிக்காரர் என்று பெயர். ஆனால் ஆண் ஆசிரியரும் வயதுப் பெண்ணும் ஓர் அறையில் தனியாக இருக்கக் கூடாது. இன்னொரு பெண் கட்டாயம் உட்கார வேண்டும். வீடு பக்கத்தில் இருக்க வேண்டும், இருட்டுவதற்குள் போய்விட வேண்டும், வாய் திறக்கக் கூடாது. தலைமை ஆசிரியை வகுப்பு வகுப்பாகப் பார்த்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். "இவள் இருக்கிறதே தெரியாது. இவள் போதும்" என்றார்.

என் அப்பாவுக்குக் கடைவீதியில் தையல் கடை. நான் போய்ச் சொன்னதும் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"சும்மா உக்கார்றதுக்கா ஆள் எடுக்குறாங்க?"

"ஆமாப்பா."

"உக்காரு. ஆனா கையைச் சும்மா வச்சிக்கிட்டு உக்காராத."

அதனால் சட்டைகளை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன். கதவு அகலத் திறந்திருக்கும். மாஸ்டர் கதவுப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.

"சாட்சி வந்தாச்சோ? அப்ப வழக்கைத் தொடங்குவம்."

தினமும் இதையே சொல்வார். தினமும் எனக்குச் சிரிப்பு வரும். அக்கா அதற்குள் புத்தகத்தைத் திறந்திருப்பாள்.

தர்க்கம் என்று ஒரு பாடம். அதுதான் எனக்குக் கொஞ்சம் பிடித்தது. மாஸ்டர் அதை ஊர்க்கதை மாதிரிச் சொல்லுவார். "அப்புத்தளையில இருக்கிற எல்லாரும் கம்பளிச் சட்டை போடுறவை. எங்கட சாட்சியும் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறா. ஆகவே சாட்சி..."

"பிழை" என்பாள் அக்கா.

"நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை, பிள்ளை."

"அப்புத்தளைக்காரின்னு சொல்லப் போறீங்க. வெளிமடைக்காரங்களும் கம்பளி போடுவாங்க. அதனால பிழை."

மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "சாட்சி, இவவுக்கு நீதவான் உத்தியோகம் குடுத்தா வழக்கு வாறதுக்கு முன்னமே தீர்ப்புச் சொல்லிப்போடுவா" என்பார். நான் குனிந்து ஊசியைப் பார்ப்பேன்.

மாஸ்டரும் அந்த இன்டரைத்தான் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிய வந்தது. பல வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பாடம் தவறினாலும் அத்தனையும் தவறியதாகக் கணக்கு. அவருக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று தவறிவிடும். இங்கிலாந்திலிருந்து தபாலில் வரும் பாடக் குறிப்புகளை அவர் தன் பணத்தில் வாங்கி வைத்திருந்தார். அவற்றைத்தான் அக்காவுக்கும் கொடுத்தார். சில நாள் அவர் சொல்லிக்கொடுப்பார். சில நாள் இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதிரி நாளில் முதலில் நிமிர்வது அக்காவாகத்தான் இருக்கும்.

ஏன் இந்த அவசரம் என்று அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன். மாஸ்டர் வரத் தாமதமாகியிருந்தது. வெளியே நல்ல மழை. அவள் என் வாங்குக்கு வந்து உட்கார்ந்தாள். அது அபூர்வம்.

"எங்கப்பா வாக்குக் கொடுத்திருக்காரு. ஸ்கூல்ல இருக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன்னு. ஸ்கூல் முடிஞ்ச மறுநாள் எடுப்பாரு. அப்ப காலேஜுக்குப் போறேன்னு சொன்னா விடுவாரா?"

"விட மாட்டாரு."

"அதான். ஸ்கூல்ல இருந்துகிட்டே பாதியை முடிச்சிட்டா? பாதி கட்டி நிக்கிறதை யாருக்கும் இடிக்க மனசு வராதுடி. மீதியைக் கட்டுன்னு விட்ருவாங்க."

"இங்கேயே வேற படிப்பு இல்லையாக்கா?"

"இருக்கு. அங்க முதல்ல நீ எந்த நாட்டு ஆளுன்னு கேப்பான். நம்ம பிரஜா உரிமை மனு கவர்மெண்ட் கச்சேரியில தூங்குது. லண்டன்காரன் அதைக் கேக்க மாட்டான். பணத்தைக் கட்டு, எழுதுங்கிறான்."

பேசி முடித்ததும் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள். நான் மேலே என்ன படிக்கப் போகிறேன் என்று கேட்பாளோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கெட்ட மனது இல்லை அவளுக்கு. முன்னால் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. அவ்வளவுதான்.

விடுதியில் அவளுக்கு 'அரைக் காலேஜ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "அரைக் காலேஜ் குளிச்சிட்டு வருது, வழி விடுங்கடி." "அரைக் காலேஜுக்கு அரைத் தட்டுச் சோறு போதுமா?" இடைவேளையில் ஆசிரியைகளோடும் அவளால் உட்கார முடியாது, மாணவிகளோடும் முடியாது. வராந்தாவின் கடைசியில் நின்று சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் கைகழுவப் போகும் முன்பே அறைக்குப் போய்விடுவாள். அந்தப் பெரிய வகுப்பறையில் ஒற்றை மேசை போட்டு அவள் மட்டும் உட்கார்ந்திருப்பதை வாசலிலிருந்து பார்த்தால் யாரோ தண்டனை கொடுத்து உட்கார வைத்த மாதிரி இருக்கும்.

பரீட்சைக்கு அவளுடைய அப்பா கொழும்புக்குக் கூட்டிப் போனார். எழுதிவிட்டு வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டவர்களுக்கு, "முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மாதங்கள் கழித்து முடிவு பத்திரிகையில் வந்தது. வழக்கமான நாளில், வழக்கமான நேரத்தில் மாஸ்டர் வந்தார். குடையைச் சாத்தினார். ஆனால் சாட்சி வந்தாச்சோ என்று கேட்கவில்லை. பேப்பரை மேசையில் விரித்து வைத்தார்.

"உம்மட பேர் கிடக்குது, பிள்ளை."

அக்கா பார்த்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள்.

"உங்க பேரு, மாஸ்டர்?"

"என்ர இல்லை."

வெளியே விளையாட்டு மைதானத்தில் பெண்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் காஜா எடுப்பதை நிறுத்தியிருந்தேன். அக்கா ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னாள்.

"மாஸ்டர், பட்டத்துக்கு உள்ள புத்தகம் உங்ககிட்ட இருக்குங்களா?"

மாஸ்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அது வருத்தமான சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"கிடக்கு. எப்பவோ வாங்கி வச்சனான். இன்னும் திறக்கேல்லை. கொண்டுவந்து தாறன்."

அடுத்த முறை கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு வரவில்லை. இனிச் சொல்லிக்கொடுக்கத் தனக்கு ஒன்றும் இல்லை என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லியனுப்பினாராம். எனக்கும் அந்த அறையில் வேலை இல்லாமல் போனது.

அக்காவின் பாடசாலைக் காலம் முடிந்தது. அவளுடைய அப்பா, அந்தக் கிளாக்கர், சொன்ன சொல் தவறாதவர். உடனே கல்யாணப் பேச்சை எடுத்தார். பெண் பார்க்க வருகிறார்கள், கூட ஒரு பெண் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அக்காவின் அம்மா என் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார். மறுபடியும் துணைக்குப் போனேன்.

அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கியபோது முன்னால் நிற்பவர் தெரியாத அளவுக்குப் பனி. கிளாக்கர் வீடு தொழிலாளர்களின் லயங்களுக்கு மேலே, தொழிற்சாலைக்குப் போகும் வழியில் இருந்தது. நான் பக்கத்தில் இருக்கும்போதே அக்காவிடம் அவள் அம்மா சொன்னார்.

"மாப்பிள்ளை எஸ்.எஸ்.சி.தான் பாஸ். கேட்டா நீயும் எஸ்.எஸ்.சி.ன்னு சொல்லு. மத்ததைப் பேசாத."

"பாஸ் பண்ணதை எப்படிம்மா இல்லைன்னு சொல்றது?"

"இல்லைன்னு சொல்லச் சொல்லல. பேசாம இருன்னுதான் சொல்றேன்."

வந்தவர்கள் பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையும் கிளாக்கர்தான், நல்ல பையனாகத் தெரிந்தார், தலை நிமிரவே இல்லை. பேசியது அவருடைய அத்தை. அக்கா தேநீரைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பொண்ணு எதுவரைக்கும் படிச்சிருக்கு?" என்று அத்தை கேட்டார்.

"எஸ்.எஸ்.சி." என்றார் கிளாக்கர்.

"காலேஜுல பாதி முடிச்சிருக்கேங்க" என்றாள் அக்கா.

மெல்லிய குரல்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. கிளாக்கர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்தக் காலேஜும்மா?" என்றார் அத்தை.

"காலேஜுக்குப் போகலைங்க. ஸ்கூல்ல இருந்துகிட்டே எழுதினேன்."

அத்தை சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல உக்காந்துகிட்டே காலேஜா? நல்லா இருக்கே. அப்ப எங்க தம்பி லயத்துல உக்காந்துகிட்டே தொரை ஆயிரலாமே."

பெண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. அமைதியான மனிதர். அவர்தான் கேட்டார்.

"மீதிப் பாதி எப்பம்மா?"

"ரெண்டு வருஷம் கழிச்சி எழுதலாம்ங்க. அதுக்கு முன்னாடி விட மாட்டாங்க."

"யாரு வீட்டுல இருந்து எழுதுவ?"

அக்கா நிமிர்ந்தாள். "யாரு விடுறாங்களோ அவங்க வீட்டுல இருந்துங்க."

பலகாரத்தைச் சாப்பிட்டார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். மரியாதையாகவே விடைபெற்றுப் போனார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. அடுத்து வந்த இரண்டு இடங்களுக்கும் செய்தி முன்னாலேயே போயிருந்தது. அவர்கள் பெண் பார்க்கவே வரவில்லை.

கிளாக்கர் மகளைத் திட்டவில்லை. பேச்சைத்தான் நிறுத்தினார். பல நாள் கழித்து அவர் அவளிடம் சொன்னது இதுதானாம்: "எழுதுறதுன்னா எழுது. பணம் கட்டுறேன். ஆனா கொழும்புக்கு நான் கூட வர மாட்டேன்." அண்ணன் தம்பி அவளுக்கு இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. பெண்பிள்ளை தனியாக ரயிலில் கொழும்புக்குப் போவதை அன்றைக்கு யாரும் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். விடுகிற மாதிரி விட்டு, கதவைச் சாத்திவிட்டார்.

அதோடு அந்த இரண்டு வருட விதி. இன்டர் தேறியவர்கள் இரண்டு வருடம் கழியாமல் பட்டப் பரீட்சைக்கு உட்கார முடியாது. எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் முடியாது. எதையும் முன்னாலேயே முடித்துப் பழகியவளை லண்டன் விதி தோட்டத்தில் உட்கார வைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஒருமுறை அவளைப் பார்க்கப் போனேன். நான் எஸ்.எஸ்.சி.யில் கணக்கில் தவறி, மறுபடி எழுதாமல், அப்பாவின் கடையிலேயே தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னை ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிப் போனாள். வழியெல்லாம் பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"எல்லாப் புத்தகமும் படிச்சி முடிச்சிட்டேன். ரெண்டாவது தடவையும் முடிச்சாச்சு. இப்ப மறந்துறக் கூடாதேன்னு படிக்கிறேன்."

"பேச ஆள் இல்லையாக்கா?"

"யாரு இருக்கா? லயத்துப் பிள்ளைங்க என்னைப் பார்த்தா ஒதுங்கி நிக்கும். கிளாக்கரய்யா பொண்ணாம். டாக்டரய்யா சம்சாரம் யாழ்ப்பாணம். வாங்கோன்னு நாற்காலி போடுவாங்க, அதுக்கு மேல அவங்களுக்கும் என்கிட்ட பேச ஒன்னும் இல்ல."

சாயங்காலம் அவள் படிக்கும் இடத்தைக் காட்டினாள். பாதை வளைகிற இடத்தில், தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு பாறை. அங்கே நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பாளாம். அன்றைக்கும் படித்தாள். கீழே கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"அந்தப் பிள்ளை யாருகிட்ட பேசுது?" என்றாள் ஒருத்தி.

"லண்டன்கிட்ட பேசுது" என்றாள் இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே கூடைகளோடு போனார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

பரீட்சை நெருங்கியபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. என் கணவர் பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். அக்கா நின்றபடியே என் கணவரிடம் பேசினாள்.

"ஒரு வாரம் இவளைக் கொழும்புக்கு அனுப்பணும். கொட்டாஞ்சேனையில எங்க அம்மாவோட சொந்தக்காரங்க இருக்காங்க. அங்க தங்கிக்குவோம்."

"இவளுக்குக் கொழும்பு தெரியாதேக்கா."

"எனக்குத் தெரியும்."

"அப்ப இவ எதுக்கு?"

"கூட உக்கார்றதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "இவளுக்கு அது நல்லா வரும்" என்றார். அக்காவின் அம்மா அழுதுவிட்டார். அக்கா அழவில்லை. ஆனால் என் கையைப் பிடித்து, "உனக்கு ஒன்னும் கஷ்டம் இல்லையே? வீட்டுல யாரு சமைப்பா?" என்று கேட்டாள். என்னைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் தேறினாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டம் கப்பலில் வந்தது. ஆனால் பிரஜா உரிமை மனு தள்ளுபடியாகியிருந்ததால் இங்கே அரசாங்க உத்தியோகம் கிடைக்கவில்லை. கிளாக்கர் ஓய்வு பெற்றதும் குடும்பமாகத் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். திருச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் செய்துகொண்டாளா என்று தெரியாது. பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் அக்கா என்றால் எனக்கு வருவது அந்தப் பட்டம் இல்லை. கொழும்பில் கடைசி நாள்தான்.

பரீட்சை மண்டபத்துக்குள் துணைக்கு வந்தவர்களை விட மாட்டார்கள். வராந்தாவில் நீளமாக வாங்கு போட்டிருந்தது. இரண்டு அம்மாக்கள், ஒரு தாத்தா, யாரோ பணக்காரப் பெண்ணின் டிரைவர், நான். கொழும்பு வெக்கையில் மலைக்காரியான எனக்கு மூச்சு முட்டியது. ஒவ்வொரு நாளும் மணியடிப்பதற்கு முன்னாலேயே அக்கா வெளியே வந்துவிடுவாள். எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். "வா, நாளைக்கு உள்ளதைப் பார்க்கணும்" என்று வேகமாக நடப்பாள். நான் பின்னாலே ஓடுவேன்.

கடைசித் தாள் பின்னேரத்தில். மணியடித்தது. அக்கா வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். சத்தமாகப் பேசிக்கொண்டு, விடைகளை ஒப்பிட்டுக்கொண்டு, சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டிரைவர் போனார். தாத்தா போனார். வாங்கில் நான் மட்டும் இருந்தேன்.

பியோன் ஒருவர் நீளக் கம்பால் மேல் ஜன்னல்களை மூட ஆரம்பித்தார். என்னைப் பார்த்து, உள்ளே ஒரு ஆள் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு உள்ளே போகப் பயமாக இருந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுப் போனேன்.

வரிசை வரிசையாக வெறும் மேசைகள். நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒன்றும் இல்லை. இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"அக்கா, பேப்பரை வாங்கிட்டாங்களா?"

"அப்பவே வாங்கிட்டாங்க."

"உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். எந்திரிக்கலாம்னுதான் பார்த்தேன். எந்திரிச்சி எங்க போறதுன்னு தெரியல."

"கொட்டாஞ்சேனைக்குக்கா. அங்கதானே போகணும்."

"அது இல்லடி." என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கண்களை அவ்வளவு கிட்டத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. "இதுக்கு மேல எழுத ஒன்னும் இல்லல்ல?"

"இல்லக்கா. எல்லாம் எழுதியாச்சு."

"ஆமா" என்றாள்.

அவளுக்குப் பக்கத்து மேசையின் நாற்காலி காலியாக இருந்தது. யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று வாசலைப் பார்த்தேன். பிறகு அதில் உட்கார்ந்தேன்.

"என்ன பண்ணலாம், சொல்லு" என்றாள்.

என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. நன்றாக யோசித்தேன். "டீ குடிக்கலாம்க்கா" என்றேன்.

"அதுக்கப்புறம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் அதற்குத் தலையை ஆட்டினாள், கேட்டு ஏற்றுக்கொண்ட மாதிரி. ஆனால் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை. பியோன் எங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த ஜன்னலுக்குப் போனார்.